டெக்: பொருளும் வீட்டு வழக்கும்

அன்று காலை பல் துலக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சமைக்கப் போவதில்லை.

முடிவு எடுத்த கையோடு குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். இந்த மாதிரி முடிவெல்லாம் என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். என் மனைவி படித்துவிடுவாள்.

இருபத்து மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் ஞாயிறு சமையல் என் பொறுப்பு. வெங்காயம் உரிப்பதில் தொடங்கி கடைசிக் கரண்டியைக் கவிழ்த்து வைப்பது வரைக்கும். ஏன் என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான்.

"கல்யாணத்தன்னிக்கு மைக்கப் புடிச்சு நீங்கதானே சொன்னீங்க? கேசட்டுல இருக்கு."

நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கிருந்த நடுக்கத்தில் யாராவது என் பெயரைக் கேட்டிருந்தாலே மாமனாரைத் திரும்பிப் பார்த்திருப்பேன். ஆனால் நிரூபிப்பது எப்படி? கேசட் பத்திரமாக இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் டெக்தான் பதினெட்டு வருஷமாகப் பரண் மேல் உயிரை விட்டுக் கிடக்கிறது. "டெக்கு மட்டும் ஓடட்டும், காட்டறேன்" என்பாள். அது ஓடாது. நான் வெங்காயம் உரிக்கப் போவேன்.

டெக் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். புதுப் பெண்டாட்டிக்கு ஆசை ஆசையாகச் சமைத்துப் போடுகிறவன் சாட்சியா கேட்பான்? ஐம்பது வயசு தாண்டி, முழங்கால் கடக் கடக் என்று பேச ஆரம்பித்த பிறகுதான் எனக்குச் சட்டம் பேசத் தோன்றியது. போதாக்குறைக்கு அலுவலகத்தில் ஞாயிறுதோறும் கேரம் ஆட ஒரு குழு சேர்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் திங்கட்கிழமை வந்து பெருமை பீற்றுகிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். பயிற்சி வண்டியில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் எவ்வளவு வீரமாகக் கிளம்பினாலும் இவள் காலை வைத்தால் வண்டி நின்றுவிடும். வீட்டிலும் அப்படியொன்றை எங்கே பொருத்தி வைத்திருக்கிறாள் என்று நானும் தேடாத இடமில்லை. ஞாயிறுதான் பயிற்சிப் பள்ளிக்குக் கூட்டம் அதிகம். காலை ஏழுக்குப் போனால் மதியம் ஒன்றுக்குத்தான் பசியோடு வருவாள்.

நான் அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் சொல்லுக்குப் பொருள் சொல்கிறவன். வீட்டில் "சும்மா இருங்க" என்பதற்கு ஒன்பது பொருள் இருப்பதில் நாலைத் தாண்டி இன்னும் பிடிபடாதவன். அதுவரை என் கல்யாண வாழ்க்கையில் அலுவலகத்தால் எனக்கு ஒரு நன்மையும் வந்ததில்லை. அந்த வாரம் வந்தது.

"வீட்டுல வழக்கொழிஞ்ச சாமான்கள்னு ஒரு பின்னிணைப்பு போடறோம்" என்றார் தலைமை ஆசிரியர். "உங்களுக்கு டெக்."

"ஆகட்டும் சார்."

"பொருள் ரெண்டு வரி. பயன்பாடு ஒரு வாக்கியம். வாக்கியம் யாராவது வாயால சொன்னதா இருக்கணும். நீங்களா ஜோடிக்கப்படாது."

இது எங்கள் அலுவலகச் சட்டம். காதில் விழுந்த வாக்கியத்தை அங்கேயே ஒரு சீட்டில் எழுத வேண்டும். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று கீழே குறிக்க வேண்டும். அதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டுச் சீட்டு இருக்கும். என் சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் மனைவி நாலைந்து சொற்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுத்தான் தண்ணீரில் முக்குவாள்.

நான் நின்ற இடத்திலேயே எழுதி நீட்டினேன். 'டெக்: கேசட்டை உள்ளே செருகினால் தொலைக்காட்சியில் படம் காட்டும் கருவி.'

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "காட்டறது மட்டும்தானா? பதிவு பண்ணாதா?"

"அதெல்லாம் யார் சார் பண்ணாங்க?"

"அப்படி ஒரேயடியாச் சொல்லாதீங்க. வாடகைக்கு வந்ததுல பாதி வெறுமே போட்டுக் காட்டறது. சொந்தமா வாங்கினதுல பதிவும் பண்ணலாம். ஜனங்க ரெண்டையும் டெக்குன்னுதான் சொன்னாங்க. 'தெருவுல டெக்கு போடறாங்க'ன்னா படம் காட்டற கூத்துக்கே அந்தப் பேருதான். ஒரு டெக்கை நேர்ல பாத்து எழுதுங்க."

நேரில் பார்த்து எழுதுங்கள்! தெய்வமே வந்து காதில் ஓதியது போலிருந்தது. பரணிலிருந்து டெக்கை இறக்கலாம். ரிப்பேர் செய்யலாம். ஏன் என்று கேட்டால் அலுவலக வேலை. ஓடினதும் கேசட்டைப் போட வேண்டியது. நான் வாயே திறக்கவில்லை என்பதை அவள் கண்ணெதிரே காட்ட வேண்டியது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நான் ராஜா.

அன்று மாலையே ஏணியைப் போட்டேன்.

"என்ன பண்றீங்க?" கீழேயிருந்து குரல்.

"டெக்கை இறக்கறேன்."

"எதுக்கு?"

"அகராதிக்கு. பொருள் எழுதணும்."

"பொருள் எழுத அதையே தூக்கிட்டுப் போகணுமா? போன மாசம் 'யானை'க்கு எழுதினீங்களே, அதுக்கு என்ன பண்ணீங்க?"

"யானை ஓடும்மா. இது ஓடல. ஓட விட்டுப் பாத்தாத்தான் எழுத முடியும்."

அவள் என்னைப் பார்த்தாள். ஏணியைப் பார்த்தாள். என் முகத்தில் தூசி அப்பியிருந்தது. அதனால் படிக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"பாத்து இறங்குங்க. ஏணிக்கு ரிவர்ஸ் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தெருக்கோடி மெக்கானிக் ரேடியோ, கடிகாரம், மின்விசிறி எல்லாம் பார்ப்பவர். டெக்கின் மூடியைத் திறந்ததும் பழைய சிநேகிதரைக் கண்ட மாதிரி சிரித்தார்.

"டெக்குக்கு ஆயுசு கெட்டி சார். பெல்ட்டுதான் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கெடக்கு. ஹெட்டத் தொடச்சு, பெல்ட்ட மாத்தினா குதிரை கணக்கா ஓடும்."

உடனே சீட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். சொன்னவர், மெக்கானிக். அவருக்கு ஒரே சந்தோஷம். இன்னும் நாலு வாக்கியம் சும்மாவே சொன்னார்.

"வீட்டுல மேடத்துக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார்.

"டெக்கு தெரியும். கல்யாணக் கேசட்டப் போட்டுப் பாக்கப் போறது தெரியாது. நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

"சேச்சே! நான் ஏன் சார் சொல்லப் போறேன்?"

இந்த இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். என் மனைவியை அவர் ஏன் மேடம் என்கிறார் என்று. கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் டெக் வீட்டுக்கு வந்தது. ஞாயிறு காலை ஏழுக்கு அவள் கிளம்பினாள். வாசலில் நின்று, "இன்னிக்கு என்ன சமையல்?" என்றாள்.

"வந்து பாரு. அசந்துடுவ."

"சரி" என்று சிரித்தபடி போனாள். பாவம், இதுதான் உனக்கு நான் சமைக்கும் கடைசி ஞாயிறு என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

கதவைச் சாத்தினேன். டெக்கைத் தொலைக்காட்சியில் மாட்டினேன். 'கல்யாணம்' என்று எழுதிய பெட்டியிலிருந்து கேசட்டை எடுத்துச் செருகினேன். உள்ளே ஏதோ கிர்ரென்று சுற்றியது. திரையில் கோடு, கோடு, மேலும் கோடு. அப்புறம் எங்கள் கல்யாண மண்டபம்!

அடடா, எத்தனை முகம்! வாசலில் மாமனார், யார் வந்தாலும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். மச்சான் நடந்து வருகிறான், தலை நிறைய முடியோடு. என் சித்தப்பா கேமராவைக் கண்டதும் தொப்பையை உள்ளே இழுத்து, கேமரா நகரும்வரை மூச்சுவிடாமல் நிற்கிறார். நான் தனியாக உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தேன்.

மேடை வந்தது. நான் இரவல் கோட்டுக்குள் நிற்கிறேன். பக்கத்தில் அவள். வீடியோக்காரர் மைக்கை எங்களை நோக்கி நீட்டுகிறார். என் வாய் மெல்லத் திறக்கிறது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

சர்ரென்று ஒரு கோடு. அடுத்த வினாடி, பச்சைப் புல்வெளியில் இருபத்திரண்டு பேர் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

கால்பந்து மேட்ச்.

வேகமாக ஓட்டிப் பார்த்தேன். மேட்ச். இன்னும் ஓட்டினேன். மேட்ச். கேசட் தீரும்வரை மேட்ச். மேட்சும் முடியவில்லை, பாதியில் கேசட் தீர்ந்துவிட்டது.

முதலில் திகைப்பு. அப்புறம் பீறிக்கொண்டு வந்தது ஆனந்தம். ஆகா! கல்யாணக் கேசட்டை யாரோ அழித்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டில் இருப்பது இரண்டு பேர். கேசட்டுகளைக் கட்டிக் காப்பது அவள். தானே அழித்துவிட்டு, இல்லாத சாட்சியைக் காட்டி என்னை இத்தனை வருஷம் வெங்காயம் உரிக்க வைத்திருக்கிறாள்! எழுந்து கூடத்தில் நாலு முறை நடந்தேன். "அம்மணி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுப் பழகினேன்.

ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று கேசட்டை வெளியே எடுத்தேன். அதன் முதுகில் ஓர் ஓரமாகச் சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறு எதையும் பதிய முடியாது. முக்கியமான கேசட்டுகளில் உடைத்துத்தான் தருவார்கள். இதிலும் உடைத்திருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தில் யாரோ காகிதத்தை மடித்துத் திணித்து அடைத்திருந்தார்கள். அடைத்தால் மறுபடி பதியலாம். கெட்டிக்காரத்தனம்தான்! ஊசியால் நெம்பி எடுத்துப் பிரித்தேன்.

உள்ளங்கை அகலச் சீட்டு. 'அவசரம்: பெயர்ச்சொல்' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்தில். கீழே தேதி வேறு.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஞாபகம் வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம். அவள் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்கு அலுவலகம், மதியம் இறுதிப் போட்டி. காலிக் கேசட் கிடைக்கவில்லை. 'உடற்பயிற்சி' என்று எழுதிய பெட்டியிலிருந்து ஒன்றை உருவினேன். உடற்பயிற்சியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பெட்டி மாறியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? டெக் பதிய மாட்டேன் என்று அடம் பிடித்தது. பையில் கைவிட்டேன், சீட்டு வந்தது, மடித்து அடைத்தேன். பதிவு தொடங்க வேண்டிய நேரத்தை டெக்கில் குறித்து வைத்துவிட்டு ஓடினேன். சாயங்காலம் ஆட்டத்தின் முடிவை அலுவலகத்தில் ஒரு புண்ணியவான் உளறிவிட்டார். கடுப்பில் கேசட்டைப் போட்டுப் பார்க்கவேயில்லை.

முதல் காரியமாகச் சட்டைப் பையிலிருந்து புதுச் சீட்டை எடுத்து, டெக்கின் பொருளைத் திருத்தினேன். 'பதிவும் செய்யும். முன்பு இருந்ததை அழித்துவிடும்.'

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். நான் சொல்லவில்லை என்று காட்ட வேண்டுமானால் கேசட்டைக் காட்ட வேண்டும். கேசட்டைக் காட்டினால் கல்யாணத்தையே அழித்தவன் நான் என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஞாயிறு என்ன, மிச்சம் ஆறு நாளும் போய்விடும். அதைவிட, அவள் முகம் வாடிப்போகுமே.

அந்தப் பழைய சீட்டை வாயில் போட்டு மென்று விழுங்கினேன். கேசட்டைப் பெட்டியில் வைத்தேன். அப்போதுதான் மணி பார்த்தேன். ஒன்று. அடுப்புப் பக்கமே போகவில்லை. வாசலில் செருப்புச் சத்தம்.

"என்னங்க, வாசனையே காணோம்?"

"அது... டெக்கு வேலையில மறந்துட்டேன்மா."

"பரவால்ல, ரொட்டி வாங்கிட்டு வந்துட்டேன்" என்று பையை வைத்தாள். வாங்கிக்கொண்டே வந்திருக்கிறாள்! அதையும் நான் கவனிக்கவில்லை. "டெக்கு ஓடுதா?"

"ம்ஹூம். ஓடல. சுத்தமா ஓடல."

"குதிரை கணக்கா ஓடுதுன்னாரே?"

"யாரு?"

"மெக்கானிக்குதான். அஞ்சு மாசமா என்கிட்டதான் வண்டி கத்துக்கறாரு. இன்னும் ரிவர்ஸ் வரல. வாய்தான் வருது."

"ஓடுது, ஓடுது. இப்பத்தான் ஓடிச்சு."

"கல்யாணக் கேசட்டப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப நான் சொன்னது இருந்துச்சா, இல்லியா?"

இல்லை என்றால் "காட்டுங்க" என்பாள். வேறு வழியே இல்லை. "இருந்துச்சும்மா. நீ சொன்னதுதான் சரி. ஞாயித்துக்கெழம சமையல் என்னோடதுன்னு நானே என் வாயால சொல்லியிருக்கேன்."

அவள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாக் கேட்டுச்சா?"

"கணீர்னு கேட்டுச்சு."

"அதோட புதன்கெழமையும் சொன்னீங்களே?"

"புதன்கெழமையா?"

"ஏன், அது கேசட்டுல இல்லியா? இருங்க, போட்டுப் பாப்போம்." எழுந்தாள்.

"இருக்கு, இருக்கு! புதன்கெழம இருக்கு! உக்காரு!"

"மாடிப்படி தொடைக்கறது?"

"அதுவும்... கடைசில வருது."

"எங்க அக்கா வந்தா பஸ்ஸ்டாண்டுக்குப் போய்ப் பெட்டிய நீங்கதான் தூக்கிட்டு வருவீங்கன்னு?"

"ரெண்டு தடவை சொல்றேன்" என்றேன் நான். விழுந்தவனுக்குப் பள்ளம் என்ன, மேடு என்ன!

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரொட்டி புரையேறிவிட்டது என்று நினைத்தேன். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"நல்லதாப் போச்சு. அக்கா வீட்டுல அப்பவே நம்ம கேசட்டுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சிருந்தாங்க. அத இப்பத்தான் போன்ல பாக்கற மாதிரி மாத்தி அனுப்பியிருக்கா. வாங்க, பாக்கலாம்."

காப்பி! எனக்கு ஒரே சமயத்தில் உயிர் வந்தது, போனது. கல்யாணம் அழியவில்லை. ஆனால் நான் அளந்த புதன்கிழமையும் மாடிப்படியும் இன்னும் இரண்டு நிமிஷத்தில் பொய்யென்று ஆகிவிடும். அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். மறுபடியும் மண்டபம், மாமனார், சித்தப்பாவின் மூச்சு. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். தனியாகச் சிரித்ததைவிட இது எவ்வளவோ நன்றாக இருந்தது.

மேடை. மைக். என் வாய் மெல்லத் திறக்கிறது. திறந்தது திறந்தபடியே நிற்கிறது. பேச்சு வரவில்லை. பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு மைக்கை வாங்குகிறது. மணப்பெண்ணின் கை.

"ஞாயித்துக்கெழம சமையல் எல்லாம் இனிமே இவருதான்!" என்கிறாள் அவள். மண்டபமே கொல்லென்று சிரிக்கிறது.

நான் துள்ளி எழுந்தேன். "பாத்தியா! சொன்னது நீ! நான் சொல்லவே இல்ல!"

"முழுசாப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். இரவல் கோட்டுக்குள் இருந்த அந்தப் பையன், பல்லெல்லாம் தெரிய, உலகத்திலேயே பெரிய பாக்கியம் தனக்குக் கிடைத்துவிட்டது போல அவளையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டுகிறான். ஒரு தடவை இல்லை. ஆட்டிக்கொண்டே இருக்கிறான்.

"வாய் என்னோடது. தலை யாரோடது?" என்றாள்.

அந்தப் பையனைப் பார்க்கப் பார்க்க எனக்கே அவன்மேல் பிரியம் வந்துவிட்டது. சரி, ஞாயிறு அவன் கொடுத்த வாக்கு. கேரம் எங்கே போகிறது? ஆனாலும் ஒன்றை விட மனசில்லை.

"ஏம்மா, இதுல புதன்கெழம இல்லியே? மாடிப்படியும் காணோம்."

"இது அக்கா வீட்டுக் காப்பி. கொஞ்சம் வெட்டியிருப்பாங்க. நம்ம கேசட்டுல எல்லாம் முழுசா இருக்குன்னு நீங்கதானே பாத்துட்டுச் சொன்னீங்க? டெக்கும் ஓடுது. போடுங்களேன், பாத்துருவோம்."

எழுந்தேன். வாளியில் தண்ணீர் பிடித்தேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். மூன்றாவது படி துடைத்துக்கொண்டிருந்தபோது கீழே வந்து நின்றாள். கையில் எனக்கு ஒரு துண்டு ரொட்டி.

"ஏங்க, ரொம்ப வருஷமா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த மேட்ச்சு நம்ம கேசட்டுல பாதியிலேயே நின்னு போச்சு. கடைசில யாருங்க ஜெயிச்சது?"

"நீதான்" என்றேன்.